வாசிப்புப் பயிற்சி ஆய்வு: பள்ளிகளில் அனுமதி பெறுவதும் குழந்தைகளைச் சேர்ப்பதும் குறித்து அனுபவமுள்ளோர் வழிகாட்டவும்

ஆய்வு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். வட மாவட்டம் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 3ஆம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் குழந்தைகளுக்கு வாரத்தில் 4 நாள், நாளுக்கு 30 நிமிடம் என 12 வாரம் சிறு குழுப் பயிற்சி அளித்து, அவர்களுடைய வாசிப்பு எந்த அளவுக்கு முன்னேறுகிறது என்று பார்ப்பதே ஆய்வு. பாதிப் பள்ளிகளில் பயிற்சி நடக்கும். மற்றப் பள்ளிகள் ஒப்பீட்டுக்காக இருக்கும்.

பயிற்சியின் உள்ளடக்கத்தில் எனக்குக் குழப்பம் இல்லை. சென்ற ஆண்டு ஒரு பள்ளியில் அமர்ந்திருந்தபோது, ஒரு சிறுவன் பாடத்தைத் தங்குதடையின்றி வாசித்தான். ஆனால் அவன் விரல் இரண்டு வரி கீழே ஓடிக்கொண்டிருந்தது. அவன் வாசித்த அதே சொல்லை வேறொரு பக்கத்தில் காட்டிக் கேட்டபோது வாய் திறக்கவில்லை. பாடம் முழுவதையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருந்தான். அவனைப் போன்ற குழந்தைகளுக்காகத்தான் இந்த ஆய்வைத் தொடங்கினேன்.

நான் தடுமாறுவது அனுமதி விஷயத்தில்தான். என் விண்ணப்பம் ஓர் அலுவலகத்திலிருந்து மூன்று முறை திரும்பி வந்துவிட்டது. முதல் முறை மேலிட அனுமதி வேண்டும் என்றார்கள்; இரண்டாம் முறை பல்கலைக்கழகக் கடிதம் போதாது என்றார்கள்; மூன்றாம் முறை, கோப்பைப் பார்த்துவந்த எழுத்தர் மாறுதலாகிச் சென்றுவிட்டதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. இதற்கிடையில் ஒரு தலைமையாசிரியர், "அனுமதி மட்டும் வரட்டும் அம்மா, பெற்றோர் கையெழுத்தை எல்லாம் ஒரே நாளில் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்" என்றார். அவர் உதவும் எண்ணத்தோடுதான் சொன்னார். இருந்தாலும் அனுமதி கிடைக்காததைவிட அந்தச் சொல்தான் என்னை அதிகம் கலங்கவைத்தது. இந்த வழியில் நடந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வட்டாரக் கல்வி அலுவலர்:

மகளே, விண்ணப்பம் திரும்பி வந்ததற்கு மனம் தளர வேண்டாம். அலுவலகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால், முன்பின் அறியாத ஒருவர் அரசுப் பள்ளிக்குள் நுழைந்து குழந்தைகளைச் சோதிக்கப் போகிறார் என்பதுதான் அந்தக் கடிதம் சொல்லும் முதல் செய்தி. நாளை ஏதேனும் நடந்தால் கையொப்பமிட்டவரைத்தான் கேள்வி கேட்பார்கள். ஆகவே உங்கள் ஆய்வு எவ்வளவு சிறந்தது என்று எழுதுவதைக் காட்டிலும், அந்த அச்சத்துக்குப் பதில் சொல்லும்படி எழுதுவதே பயன் தரும்.

முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருபவை. பல மாவட்டங்களில் ஆய்வு என்றால் இயக்குநரிடமே போக வேண்டும். ஒரே மாவட்டம் என்றால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதி, தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு நகல் கொடுங்கள். மாவட்ட அளவிலேயே "இயக்குநரின் ஆணை வேண்டும்" என்று சொன்னால் வாதிட வேண்டாம். அங்கே போய் வாங்கி வருவதே விரைவான வழி. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், மாநகராட்சிப் பள்ளிகள் ஆகியவற்றுக்குத் துறையே வேறு. உதவி பெறும் பள்ளியில் துறையின் ஆணையோடு தாளாளரின் ஒப்புதலும் வேண்டும். இவற்றையெல்லாம் ஒரே விண்ணப்பத்தில் கலந்து எழுதினால், யார் முடிவெடுப்பது என்று தெரியாமல் கோப்பு நடுவில் நின்றுபோகும்.

விண்ணப்பம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எந்தெந்தப் பள்ளிகள், எந்த வகுப்பு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, நாளில் எந்த நேரம், யார் யார் வருவார்கள், அரசுக்குச் செலவு உண்டா, பாடவேளை எவ்வளவு குறையும், படம் எடுப்பீர்களா, முடிவை யாருக்குக் கொடுப்பீர்கள் என்ற ஒன்பதுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகக் கடிதம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், குழந்தைகளிடம் கேட்கப்போகும் வினாத்தாள் ஆகியவற்றை இணைப்பாக வையுங்கள். தபால் பிரிவில் கொடுத்து முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள், ந.க. எண் (அலுவலகம் உங்கள் கோப்புக்குத் தரும் எண்) போடப்பட்டதும் அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அந்த எண்ணைச் சொல்லியே விசாரியுங்கள். எழுத்தர் மாறினாலும் எண் மாறாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலுவலரின் செயல்முறைகள், அதாவது எழுத்து வடிவ அனுமதி ஆணை, கைக்கு வந்தவுடன் நேராகப் பள்ளிக்குப் போய் அதை நீட்டாதீர்கள். வட்டாரக் கல்வி அலுவலரையும் ஆசிரியர் பயிற்றுநரையும் பார்த்துவிட்டு, பிறகு தலைமையாசிரியரிடம் போய் "உங்கள் பள்ளிக்கு இது ஒத்துவருமா?" என்று கேளுங்கள். ஆணையைக் காட்டி நுழைந்தவருக்கு நாற்காலி கிடைக்கும், ஒத்துழைப்புக் கிடைக்காது. என் பணிக்காலத்தில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஈராசிரியர் பள்ளி:

ஐயா சொன்ன கடைசி வரியை எங்கள் பள்ளியில் எழுதி ஒட்டலாம். நான் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் 1 முதல் 3 வரையான வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கிறேன். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து குழந்தைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (மேல்நிலை) என்று நிலைவாரியாகப் பிரித்துத்தான் கற்பிக்கிறோம். ஆய்வாளர்கள் பலர் இதை அறியாமலே வந்து, "உங்கள் வகுப்பில் வாசிக்கத் திணறுபவர்கள் யார்?" என்று புதிதாகக் கேட்கிறார்கள். அது எங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. உங்கள் பயிற்சி எங்கள் வேலையோடு எங்கே சேர்கிறது, எங்கே மோதுகிறது என்பதை வருவதற்கு முன்பே யோசித்து வாருங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு யோசனை. காலை உணவுத் திட்டத்தால் குழந்தைகள் முன்பைவிடச் சீக்கிரமே பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்த பிறகு காலை வணக்கக் கூட்டத்துக்கு முன் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஆனால் அந்த நேரத்தை நம்பி 30 நிமிடம் என்று எழுதாதீர்கள், 20 நிமிடம்கூட உறுதியில்லை. விளையாட்டு வேளையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். வாசிக்கத் தெரியாத காரணத்தால் தன்னை மட்டும் விளையாட விடவில்லை என்று ஒரு குழந்தைக்குத் தோன்றிவிட்டால், உங்கள் பயிற்சி எவ்வளவு நல்லதானாலும் அந்தக் குழந்தைக்கு அது தண்டனைதான்.

பெற்றோர் கையெழுத்தை ஒரே நாளில் வாங்கித் தருகிறேன் என்று அந்தத் தலைமையாசிரியர் சொன்னது உண்மையே. என்னாலும் முடியும். "டீச்சர் சொன்னால் சரிதான்" என்று எங்கள் ஊரில் எந்தத் தாயும் எதையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதனால்தான் அந்த வேலையை எங்களிடம் கொடுக்காதீர்கள் என்கிறேன். நாங்கள் உங்களை அறிமுகப்படுத்துகிறோம். விளக்குவதும் படிவம் பெறுவதும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். யார் மறுத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாமல் இருப்பதே அந்தப் பெற்றோருக்கும் நல்லது.

நெறிமுறைக் குழு உறுப்பினர்:

ஆசிரியை சொன்னதையே எங்கள் குழுவில் வேறு சொற்களில் சொல்கிறோம். துறையின் அனுமதி பள்ளியின் வாயிலைத் திறப்பது. பெற்றோரின் இசைவு என்பது அவர்களுடைய குழந்தையைப் பற்றி அவர்கள் எடுக்கும் முடிவு. முன்னது கிடைத்துவிட்டதாலேயே பின்னதும் கிடைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டுதல்களைத்தான் கல்வி ஆய்வுகளுக்கும் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. அவற்றின்படி 7 வயதைக் கடந்த குழந்தையிடம், பெற்றோரின் இசைவுக்கு மேலாக, குழந்தையின் வாய்மொழிச் சம்மதமும் பெற வேண்டும். 12 வயதுக்கு மேல் அதை எழுத்தில் பெற வேண்டும். 3ஆம் வகுப்புக் குழந்தைகள் 8 வயதினர் என்பதால் வாய்மொழிச் சம்மதம் கட்டாயம்.

சம்மதம் கேட்பதைச் சடங்காக்கிவிடக் கூடாது. வகுப்பறையில் "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டால் "ஆமாம் மிஸ்" என்றுதான் ஒரே குரலில் பதில் வரும். தனித்தனியாக, எளிய சொற்களில், "உனக்கு இன்றைக்கு வேண்டாம் என்றால் வகுப்புக்குத் திரும்பிப் போகலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்" என்று சொல்ல வேண்டும். எட்டு வயதுக் குழந்தை "மறுக்கிறேன்" என்று சொல்லாது. தலை குனிந்துகொள்ளும், தண்ணீர் கேட்கும், மீண்டும் மீண்டும் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லும். அவற்றை மறுப்பாக எடுத்துக்கொள்ள உங்கள் பயிற்றுநர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த ஒருவரின் முன்னிலையில் முழுப் படிவத்தையும் வாசித்துக் காட்டி, கைரேகையும் சாட்சியின் கையொப்பமும் பெற வேண்டும். சாட்சி அந்தப் பள்ளி ஆசிரியராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரவைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குட்பட்ட அனைவரும் குழந்தைகள். அவர்களுடைய தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் இசைவு தேவை. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் அச்சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அத்தரவைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பது அந்த விலக்கின் நிபந்தனை. நீங்களோ சோதனை மதிப்பெண்ணை வைத்து இந்தக் குழந்தைக்குப் பயிற்சி, அந்தக் குழந்தைக்குத் தேவையில்லை என்று முடிவெடுக்கப் போகிறீர்கள். ஆகவே விலக்கை நம்பாமல் முறையான இசைவையே பெறுங்கள். குழந்தை வாசிப்பதை ஒலிப்பதிவு செய்தால் அதற்குத் தனியாகக் கேளுங்கள். பள்ளிப் பதிவில் குழந்தைக்கு உள்ள கல்வித் தகவல் மேலாண்மை (எமிஸ்) எண்ணை உங்கள் தரவில் அடையாள எண்ணாகப் பயன்படுத்த வேண்டாம். உங்களுக்கென்று ஓர் எண் வரிசை உருவாக்கி, பெயரோடு இணைக்கும் பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள்.

ஆய்வு மாணவி:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஐயா சொன்ன ஒன்பது வினாக்களையும் வைத்து விண்ணப்பத்தை மீண்டும் எழுதினேன், ந.க. எண் கிடைத்துவிட்டது.

இந்த வாரம் ஒரு பள்ளியில் மட்டும், தலைமையாசிரியரின் ஒப்புதலோடு, இசைவுப் படிவம் பெற்றோருக்குப் புரிகிறதா என்று பார்க்க முன்னோட்டம் நடத்தினேன். குழந்தைகளின் பைகளில் படிவத்தை வைத்து அனுப்பினோம். ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் கையொப்பத்தோடு திரும்பி வந்தன. மகிழ்ச்சியோடு பெயர்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் திடுக்கிட்டேன். திரும்பி வந்தவற்றில் பெரும்பாலானவை மலர் நிலைக் குழந்தைகளுடையவை. அரும்பு நிலையில் இருந்த குழந்தைகளில் ஒருவர் படிவம்கூட வரவில்லை. எந்தக் குழந்தைகளுக்காக இந்த ஆய்வோ அவர்கள்தான் இல்லை. யோசித்தால் காரணம் வெளிப்படையானது. வாசிப்பு பற்றிய ஆய்வுக்கு, வாசிக்க வேண்டிய ஒரு தாளை, வாசிப்பவர் இல்லாத வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

புள்ளியியல் ஆசிரியர்:

சகோதரி, நீங்கள் கண்டது உங்கள் ஆய்வின் மிக முக்கியமான தகவல். மன்னிக்கவும், முதலில் கணக்கைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

ஒரே பள்ளியில் படிக்கும் குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். ஒரே ஆசிரியர், ஒரே ஊர். ஆகையால் 600 குழந்தைகளைச் சேர்த்தாலும் 600 தனித்தனித் தகவல்கள் கிடைப்பதில்லை. பள்ளிக்குள் ஒப்புமைக் கெழு, அதாவது ஒரே பள்ளிக் குழந்தைகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதன் அளவு, 0.15 என்று வைத்துக்கொண்டால், பள்ளிக்கு 20 பேர் வீதம் 30 பள்ளிகள் எடுக்கும்போது பெருக்கக் காரணி (மொத்த எண்ணிக்கையை வகுக்க வேண்டிய எண்) 1 + 19 × 0.15, அதாவது 3.85. அந்த 600 பேர் ஏறத்தாழ 156 பேருக்குச் சமம். அதே 600 பேரைப் பள்ளிக்கு 8 பேர் வீதம் 75 பள்ளிகளில் எடுத்தால் காரணி 2.05 ஆகக் குறைந்து, ஏறத்தாழ 293 பேருக்குச் சமமாகிறது. நம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் பலவற்றில் 3ஆம் வகுப்பில் எட்டு, பத்துப் பேர்தான் இருப்பார்கள் என்பது அலைச்சலைக் கூட்டினாலும் கணக்குக்கு நல்லதே. ஆகவே நீங்கள் முதன்மையாகச் சேர்க்க வேண்டியது பள்ளிகளை. எத்தனை பள்ளிகளை அணுகினீர்கள், எத்தனை மறுத்தன, ஏன் மறுத்தன என்பதை முதல் நாளிலிருந்தே ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு நினைவிலிருந்து எழுத முடியாது.

எந்தப் பள்ளிக்குப் பயிற்சி, எது ஒப்பீட்டுப் பள்ளி என்ற குலுக்கலைப் பெற்றோர் இசைவும் முதற்சோதனையும் முடிந்த பிறகே நடத்துங்கள். முன்பே தெரிந்துவிட்டால் பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் ஆர்வமாகச் சேர்வார்கள், ஒப்பீட்டுப் பள்ளியில் "நமக்கென்ன?" என்று விட்டுவிடுவார்கள், பிறகு இரண்டையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. குலுக்கலைத் தலைமையாசிரியர்கள் அனைவர் முன்னிலையிலும், குடத்தில் சீட்டுப் போட்டு, ஒரு குழந்தையை விட்டே எடுக்கச் சொல்லுங்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ள குடவோலை முறைதான். கணினியில் செய்வது துல்லியமாக இருக்கலாம். ஆனால் தன் பள்ளியின் பெயர் எழுதிய சீட்டு கண்முன்னே எடுக்கப்படுவதைப் பார்த்தவருக்குப் பின்னர் மனக்குறை இருப்பதில்லை.

அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களையும் மறந்துவிடாதீர்கள். ஆசிரியர்கள் அங்கே கூடும்போது நல்ல அட்டைகளைப் பரிமாறிக்கொள்வார்கள், உங்கள் பயிற்சி அட்டைகளும் ஒப்பீட்டுப் பள்ளிகளுக்குப் போய்விடும். தடுப்பதும் அழகல்ல. முடிந்தால் ஒரு குறுவள மையத்தின் பள்ளிகள் அனைத்தையும் பயிற்சி அல்லது ஒப்பீடு என ஒரே பக்கத்தில் வையுங்கள். அப்போது பள்ளி எண்ணிக்கை இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கும்.

இனி உங்கள் படிவச் சிக்கல். வராத படிவத்தை மறுப்பாகக் கொண்டு விட்டுவிட்டால், உங்கள் முடிவு ஓரளவு வாசிக்கத் தெரிந்த குழந்தைகளைப் பற்றியதாகவே இருக்கும். ஊரகக் குழந்தைகளின் கற்றல் நிலையை நாடு முழுவதும் அளக்கும் அசர் ஆய்வு 2005 முதல் பள்ளிக்குப் போகாமல் வீடு வீடாகச் சென்று குழந்தைகளை வாசிக்கச் சொல்கிறது. பள்ளிக்கு ஒழுங்காக வராத குழந்தையும் அதில் இடம்பெற்றுவிடுகிறது. நீங்களும் பயிற்சியைப் பள்ளியில் நடத்துங்கள். சேர்ப்பதற்கு வீட்டுக்குப் போங்கள்.

யாழ்ப்பாணத்து ஆசிரியை:

இலங்கையிலும் இதே நிலைதான் என்பதால் எழுதுகிறேன். இங்கே மாகாணப் பாடசாலை என்றால் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் அனுமதி, பின்னர் வலயக் கல்விப் பணிப்பாளர், அதன் பின்னர் அதிபர். தேசிய பாடசாலை என்றால் அமைச்சு. தரம் 5இல் புலமைப்பரிசில் பரீட்சை இருப்பதால் அந்தத் தரத்துப் பிள்ளைகளை எந்த அதிபரும் ஆய்வுக்குத் தர விரும்ப மாட்டார். ஆகவே நாங்கள் தரம் 3ஐத்தான் எடுத்தோம்.

எங்களுக்கு உதவியது ஒரு சிறு மாற்றம். தகவல் தாளை அனுப்புவதற்குப் பதிலாக, அதில் உள்ளதை ஒரு தாயின் குரலில் இரண்டு நிமிட ஒலிப்பதிவாக்கி வட்ஸ்அப்பில் அனுப்பினோம். எழுத்தில் "பங்கேற்பாளர்" என்றிருந்ததெல்லாம் "உங்கட பிள்ளை" என்று மாறியது. தாளுக்குப் பதில் தராத பலர் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டுத் தாங்களாகவே அழைத்துக் கேள்வி கேட்டார்கள். கேள்வி கேட்கிறார்கள் என்றால் விளங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி:

நான் படித்தது 10ஆம் வகுப்பு வரைதான். தவறாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் பக்கத்திலிருந்து யாரும் எழுதவில்லையே என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்கு முன்பு இப்படி ஓர் ஆய்வு வந்தது. அந்தத் தாளில் "மெல்லக் கற்கும் மாணவர்" என்று இருந்தது. என் பக்கத்து வீட்டுப் பெண் அதை ரேஷன் அட்டை உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டு பத்து நாள் யாரிடமும் காட்டவில்லை. பிறகு என்னிடம் வந்து, "அக்கா, இதுல கையெழுத்துப் போட்டா பிள்ளைய வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டார். எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் தன் பிள்ளையின் பெயருக்கு நேரே அந்தச் சொல்லைப் பார்த்த பிறகு அவருக்கு எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. அவர் மறுக்கவில்லை, பயந்துபோனார். நீங்கள் அதை மறுப்பு என்று எழுதிக்கொண்டு போயிருப்பீர்கள்.

அதனால் தாளில் அந்தச் சொல் வேண்டாம். "வாசிப்புப் பயிற்சி" என்று மட்டும் போடுங்கள். எங்கள் மாதக் கூட்டத்துக்கு வந்து நேரில் சொல்லுங்கள். ஆனால் கூட்டத்துக்கு வராதவர்கள்தான் உங்களுக்கு வேண்டியவர்கள். அவர்கள் நூறு நாள் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போயிருப்பார்கள். மாலை ஆறரைக்கு மேல் வந்தால் வீட்டில் இருப்பார்கள். தனியாக வராதீர்கள், எங்கள் குழுவில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கையெழுத்து அன்றைக்கே வேண்டும் என்று நிற்காதீர்கள். வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும், மாமியாரைக் கேட்க வேண்டும். இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை வாருங்கள். பரிசுப் பொருள் கொடுப்பதாக இருந்தால் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். கையெழுத்துப் போடாத வீட்டுப் பிள்ளை மட்டும் வெறுங்கையோடு வீட்டுக்கு வரக் கூடாது.

இன்னொன்று, எங்கள் ஊரில் சில குடும்பங்கள் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குப் போய்விடும். பிள்ளைகளும் கூடவே போய்விடுவார்கள்.

ஈராசிரியர் பள்ளி:

அம்மா சொன்ன சூளை விஷயத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரிக்குப் பிறகு இறுதிச் சோதனை வைத்தால் நீங்கள் இழக்கும் குழந்தைகள் தற்செயலாக இழக்கப்படுபவர்கள் அல்லர். முதல் பருவத்தில் இசைவும் முதற்சோதனையும், இரண்டாம் பருவம் முழுக்கப் பயிற்சி, பொங்கலுக்கு முன் இறுதிச் சோதனை என்று வைத்துக்கொண்டால் ஓரளவு பிடித்துவிடலாம். அதற்கு அனுமதி ஜூனுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

ஒப்பீட்டுப் பள்ளிகளில் உள்ள எங்களைப் போன்றவர்களுக்கு என்ன தரப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே எழுத்தில் சொல்லுங்கள். இரண்டு முறை வந்து குழந்தைகளைச் சோதித்துவிட்டு, பிறகு திரும்பியே பார்க்காதவர்களை எங்களுக்குத் தெரியும். அப்படி ஒருவர் வந்துபோன பள்ளியில் அடுத்து வருபவருக்குக் கதவு திறக்காது.

ஆய்வு மாணவி (ஏழு மாதங்களுக்குப் பிறகு):

பாதியில் விட்டுப்போன உரையாடலைத் தொடர்வதற்குப் பொறுத்தருளவும். அனுமதி மே மாதத்தில் கிடைத்தது. செயல்முறைகளில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன: பாடவேளை பாதிக்கக் கூடாது, முடிவுகளை வெளியிடும் முன் அலுவலகத்துக்கு ஒரு நகல் தர வேண்டும். இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். இரண்டாவது நிபந்தனையைப் பற்றி மட்டும் நேரில் பேசி, நகல் தருவது தகவலுக்காகவே, முடிவுகளை மாற்றுவதற்காக அல்ல என்று என் பதில் கடிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர்களும் அதைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

படிவத்தைப் பையில் வைத்து அனுப்புவதை அடியோடு நிறுத்திவிட்டேன். ஒலிப்பதிவு, மாதக் கூட்டம், பிறகு மாலையில் வீடு என்று மூன்று படிகளாக வைத்துக்கொண்டோம். ஒரு வீட்டில் படிவத்தை முழுவதும் வாசித்துக் காட்டி முடித்ததும் அந்தத் தாய், "எல்லாம் சரிங்க, அவன்கிட்ட கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை, பெற்றோர் இசைவு முதலில், குழந்தையின் சம்மதம் பிறகு என்பது என் வரிசை. சிறுவனைக் கூப்பிட்டு அவரே கேட்டார். அவன், "விளையாட்டு பீரியட்ல வேணாம்" என்றான். அந்தப் பள்ளியின் நேர அட்டவணையை மறுநாள் அவன் சொன்னபடியே மாற்றினோம். மற்றப் பள்ளிகளிலும் விளையாட்டு வேளையைத் தொடவில்லை.

நேரில் சென்று விளக்கிய பிறகும் சிலர் வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்கவில்லை. பரிசாகக் கொடுத்த கதைப் புத்தகம் அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அரும்பு நிலைக் குழந்தைகள் இப்போது என் பட்டியலில் மற்றவர்களுக்கு இணையாக இருக்கிறார்கள். செலவும் காலமும் நான் திட்டமிட்டதைவிட இரு மடங்காயின. அடுத்து இப்பணியில் இறங்குபவர்கள் ஆய்வு முன்மொழிவில் இசைவு பெறுவதற்கென்றே தனியாக இரண்டு மாதமும் பயணச் செலவும் ஒதுக்கிவிடுங்கள். என் வழிகாட்டியிடம் நான் ஒதுக்கிக் காட்டியது ஒரே ஒரு வாரம்.

குலுக்கலை வட்டார வள மையத்தில் நடத்தினோம். கணக்கு ஐயா சொன்னதுபோல் ஒரு மண் குடம், மடித்த சீட்டுகள், சீட்டெடுக்க அங்கன்வாடிக் குழந்தை ஒருவர். ஒப்பீட்டுப் பக்கம் விழுந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களிடம், அட்டைகளும் ஆசிரியர் பயிற்சியும் எந்த மாதத்தில் அவர்களுக்கு வரும் என்று எழுதிய கடிதத்தை அங்கேயே கையில் கொடுத்தேன்.

ஈராசிரியர் பள்ளி:

அந்தக் கடிதத்தில் என்ன மாதம் போட்டீர்கள்?

ஆய்வு மாணவி:

ஜூன், டீச்சர். பள்ளி திறந்த இரண்டாவது வாரம். அட்டைகள் அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. ஒப்பீட்டுப் பள்ளிகளுக்கான கட்டுகளைத்தான் முதலில் கட்டச் சொல்லியிருக்கிறேன்.